பதினொன்றே கால்

பலகையில் பதினொன்று என்றுதான் இருக்கிறது.
ஹெல்துர் சைக்கிள் சக்கரத்தில்
சிவப்புத் துணி ஒன்றைக் கட்டி,
அது மேலே வரும்போதெல்லாம் வாய்விட்டு எண்ணி
அளந்த ஏரி இது.
மூன்று வழி வைத்தார்.
குழந்தைகளுக்கு மஞ்சள்,
கோபக்காரர்களுக்குச் சிவப்பு,
மிச்சப் பேருக்கு நீலம்.
சிவப்பு நேரே குன்றில் ஏறும்.
பாதி ஏற்றத்துக்கு மேல்
யாரோடு சண்டை என்பதே மறந்துபோகும்.

நான் நீலம்.

வியாழன் மாலை ஆறரை,
வல்காவுக்குப் போகும் ரயில் சத்தம் அடங்கியதும்
படகுக் கொட்டகைக்குப் பின்னால் கூடுவோம்.
ஒன்பது பேர், ஒரு நாய்.
மரமில் தூள் காதோரம் ஒட்டிய ரெய்னோ,
ஆம்புலன்ஸ் ஓட்டும் லீவிகா,
கையைத் தூக்கித் தூக்கிக் கடிகாரத்தை
வானத்துக்குக் காட்டும் மார்குஸ்.
நான்காவது நிமிடத்தில்
நான் கடைசி.
நாய்கூட ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் போய்விடும்.

கடைசியில் ஓடுகிறவளுக்கு ஏரி முழுசாகக் கிடைக்கிறது.
முன்னால் போனவர்கள் கலைத்த வாத்துகள்
மறுபடி வந்து இறங்குவதை
நான் மட்டுமே பார்க்கிறேன்.
ஊசியிலைக் காட்டுக்குள் நுழைந்ததும்
காலடிச் சத்தம் இல்லாமல் போகும்,
கால்களைக் கழற்றிக் கம்பளியில் சுற்றி
யாரோ திருப்பிக் கொடுத்ததுபோல.
வளைவில் இடுப்புயர எறும்புப் புற்று.
வழியில் எதையும் மதிக்காத மார்குஸின் தடமும்
அங்கே மட்டும் ஒதுங்கியிருக்கும்.
கீழே கிடக்கும் கையுறை
இடது கை என்றால் ரெய்னோவுடையது.
எடுத்து இடுப்பில் செருகிக்கொள்வேன்.

ஏப்ரலில், பனி உருகிய வாரம்,
ஆறாவது கிலோமீட்டரில்
வழி இல்லை.

தண்ணீர்.
நீல அம்பு தீட்டிய மரம் அதன் நடுவில்
கழுத்தளவு நின்றது.
ஓடையை ஒரு பீவர் அடைத்திருந்தது.
ஒரே குளிர்காலத்தில், யாரிடமும் மனு கொடுக்காமல்.
கரையெல்லாம் மரச்சில்லுகள்,
பெரிய பென்சிலைச் சீவிப் போட்டதுபோல.
முன்னால் போனவர்கள் எட்டுத் திசைக்குச் சிதறியிருந்தார்கள்.
சதுப்புக்குள் எங்கேயோ மார்குஸ் திட்டுவது கேட்டது,
அவனுடைய சாதனை நேரம்
முழங்கால் சேற்றில் புதைந்துகொண்டிருந்தது.
எனக்கு அவசரமில்லை. நின்றேன்.
நின்றதால் தெரிந்தது:
மேட்டோரம் காட்டுமான்கள் நடந்து நடந்து
தேய்ந்த ஒரு கோடு.

அன்று கொட்டகைக்கு முதலில் வந்தவள் நான்.
வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை.
காத்திருப்பது எவ்வளவு போரடிக்கும் என்று
அன்றுதான் புரிந்தது.

அணையை உடைக்கச் சொல்லி நகராட்சிக்கு எழுதலாம்
என்றான் மார்குஸ், சாக்ஸைப் பிழிந்தபடி.
ஹெல்துர் ரப்பர் பூட்ஸோடு போய்
அரைமணி நேரம் அணையைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார்.
“நான் போட்ட மரப்பாலத்தைவிட உறுதி,” என்றார்.
வேறொன்றும் சொல்லவில்லை.
ஞாயிற்றுக்கிழமை பெயின்ட் டப்பாவோடு என் வாசலில் நின்றார்.
“வைகே, அந்த மான் தடத்தைக் காட்டு.”

பழைய சக்கரம், அதே துணி,
இப்போது நிறம் போயிருந்தது.
அவர் எண்ண, நான் தூரிகையைப் பிடித்து நடந்தேன்.
கணக்குப் பார்த்ததில் கால் கிலோமீட்டர் கூடுதல்.
பலகையை மாற்றவில்லை.
பதினொன்று நம்முடையதாம்.
கால் அதனுடையதாம்.

இது அக்டோபர்.
நான் மறுபடி கடைசி, ஒழுங்காக.
மேட்டுவழியில் ஓடும்போது
கீழே இருட்டில் வால் ஒன்று தண்ணீரை அறைந்தது.
எனக்கும் பின்னால் ஒருவர் வேலையில் இருக்கிறார்.

கொஞ்ச தூரத்தில் ஒரு கையுறை.
வலது கை.
யாருடையது என்று தெரியவில்லை.